சின்ன இலக்கம்

செவ்வாய் மாலை, முட்டென்ஸ்.
பதினான்காம் இலக்க டிராமில் வந்து இறங்கி
ஈரக் குடையைக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு
முதல் கணக்கிலேயே பிழைத்தேன்.

ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தால் தண்ணீர்.
இடப்பக்கம் ஒட்சிசன் இரண்டு,
வலப்பக்கம் ஒன்று.
ஒன்று குறைகிறதே என்று
ஓவின் காலடியில்
ஒரு சின்ன இரண்டைப் போட்டேன்.
எல்லாம் சரி. பேனையை மூடினேன்.

ஃப்ராவ் ப்யூர்கின்,
என்னைவிடப் பதினொரு வயது இளையவர்,
சைக்கிள் தொப்பியைக் கழற்ற மறந்தே பாடம் தொடங்குகிறவர்,
என் தாளைப் பார்த்துச் சொன்னார்:
"எண்ணிக்கை சரி. ஆனால் இதைக் குடித்துவிடாதீர்கள்,
ஃப்ராவ் தில்லையம்பலம்."

(தில்லையம்பலம் என் அப்பா.
இந்த நாட்டில் எனக்குப் பதிலாக
அவர்தான் வரி கட்டுகிறார்,
பல்வைத்தியரிடம் போகிறார்,
இப்போது ரசாயனமும் படிக்கிறார்.)

ஹா-ஸ்வை-ஓ-ஸ்வை.
பலகையில் எழுதியதும் ஆளை அடையாளம் தெரிந்தது.
எங்கள் சலவைக்கூடத்து நீலக் கான்.
ஆஸ்பத்திரி விரிப்பில் இரத்தம் காய்ந்திருந்தால்
அதிலிருந்து ஒரு மூடி.
பொங்கும். வெள்ளையாய் நுரைக்கும்.
பிறகு கறை இருந்த இடம் தெரியாது.
கையுறை கிழிந்த நாளில்
விரல் நுனி வெளுத்து எரியும்.
ஒன்பது வருசம் ஊற்றியிருக்கிறேன்.
தண்ணீருக்கும் அதற்கும் நடுவில்
நான் இப்போது போட்ட அந்தச் சின்ன இரண்டுதான் என்று
யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"காலடி இலக்கத்தைத் தொடாதீர்கள்.
அது அந்தப் பொருளின் உடம்பு.
முன்னால் எழுதலாம், எத்தனை வேண்டுமென்று.
உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்."

பக்கத்து மேசை அக்ரோன் புறுபுறுத்தான்.
கொசோவோக்காரன், கூரை வேலை, எப்போதும் பசி.
"ஒரு ஒட்சிசன் குறைந்தால் முழு மூலக்கூறு வாங்க வேண்டுமா?
ஒற்றை முட்டைக்கு ஒரு பெட்டி போல?"
வாங்கத்தான் வேண்டும்.
மிச்ச முட்டைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனில் ஒட்சிசனுக்குப் பெயர் புளிப்புப் பொருள்.
நைதரசன், மூச்சை அடைக்கும் பொருள்.
ஆண்டு பத்தோடு நின்றவளுக்கு
அன்று அவை வெறும் சத்தங்கள்.
நாற்பத்திரண்டு வயதில்
ஒவ்வொன்றும் நாக்கில் படுகிறது.

அடுத்தது பியூட்டேன்,
அக்ரோனின் லைட்டருக்குள் இருப்பது.
காபன் நான்கு, சரி.
ஐதரசன் பத்து, அப்படியானால் ஐந்து தண்ணீர், சரி.
ஒட்சிசனை எண்ணினேன்: பதின்மூன்று.
சோடியாக மட்டுமே வருகிறவர்கள், பதின்மூன்று பேர்.
ஆறு போட்டேன், ஒருவருக்கு இடமிருந்தது.
ஏழு போட்டேன், ஒருவர் வெளியில் நின்றார்.
ஆறரை போட்டு, வெட்கப்பட்டு, அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்து
ஓட்டை விழுந்தது.

ஓட்டைக்குள் மேசை தெரிந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒரு வீட்டுக்கு ஆறரை என்றால்
இரண்டு வீட்டுக்குச் சமைத்தால் என்ன?
இரண்டு. பதின்மூன்று. எட்டு. பத்து.
இருபத்தாறு இங்கே. இருபத்தாறு அங்கே.
அக்ரோன் எட்டிப் பார்த்து
அலுப்பில்லாமல் அப்படியே பார்த்தெழுதினான்.

முடிக்கும்போது ஃப்ராவ் ப்யூர்கின் ஒரு வசனம் சொன்னார்:
"இடப்பக்கம் நின்ற எல்லோரும்
வலப்பக்கம் வந்து சேர வேண்டும்.
யாரோடு சேர்ந்து வருகிறார்கள் என்பது மாறலாம்.
ஒருவர்கூடக் காணாமல் போகக் கூடாது."
கொப்பியில் எழுதிக்கொண்டேன்.
எழுதிய பிறகு
பேனையை எடுக்கவில்லை.
அக்ரோனும் எடுக்கவில்லை.
அவர்கள் ஊரிலும் எண்ணியிருக்கிறார்கள்.
வெளியே டிராம் மணி கேட்டது. எழும்பினோம்.

புதன் காலை, ஐந்தே முக்கால்.
மூன்றாம் மாடியிலிருந்து வந்த விரிப்பு.
பழுப்பாய் ஒரு கறை, உள்ளங்கை அளவு,
யாருடையதோ.
நீலக் கானில் ஒரு மூடி ஊற்றினேன்.
நுரைத்தது.
தள்ளுவண்டியில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பி
பென்சிலால் எழுதினேன்:
முன்னால் இரண்டு, அம்புக்குறி,
இரண்டு தண்ணீர்,
ஒரு சோடி புளிப்புப் பொருள்.
காலடியில் எதையும் தொடவில்லை.
முதல் தடவையே சரிவந்தது.

காட்ட யாருமில்லை.
நுரை இன்னும் சின்னதாய்ச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.
மூன்றாம் மெஷின் கூவியது.
அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்,
வண்டிக்கு இனி வேறு அட்டை எழுத வேண்டும்.